நாதம் ஆண்ட மேடை – 9: பனியில் கேட்ட குழல்

ஒசாகா நகரம், 1748ஆம் ஆண்டு. தோதோன்போரிக் கால்வாயின் கரையில் இரண்டு பொம்மலாட்ட அரங்குகள். மேற்கே இருப்பது தகெமோதோ அரங்கு. பாடகர் தகெமோதோ கிதாயு 1684இல் தொடங்கியது. கிழக்கே இருப்பது தொயோதகே அரங்கு. அதே கிதாயுவின் சீடர் ஒருவர் 1703இல் பிரிந்துபோய் நிறுவியது.

கிதாயு 1714இல் மறைந்ததையும், 1734இல் ஒரே பொம்மையை மூன்று பேர் சேர்ந்து இயக்கும் முறை வந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். ஐம்பது ஆண்டுகளாக அந்த மேடையைத் தனியாக ஆண்டுவந்த குரலுக்கு முதல்முறையாக ஒரு போட்டியாளர் வந்துவிட்டார் என்று முடித்திருந்தோம்.

அந்தப் போட்டியாளர் இந்த வாரம் வாய் திறக்கிறார்.

இரண்டுபட்ட கூத்தாடிகள்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஒசாகாவில் கூத்தாடிகள் இரண்டுபட்டதால் ஊருக்குக் கொண்டாட்டம். மேற்கு அரங்கின் பாட்டில் அழுத்தம் அதிகம், அலங்காரம் குறைவு. கதையின் பொருள்தான் அங்கே முதலில் வரும். கிழக்கு அரங்கில் மெட்டுக்கு மதிப்பு. குரல் வளைந்து நெளிந்து, இனிமையைத் தேடிப் போகும். ஒரே கிதாயு பாணிதான், ஆனால் கேட்டவுடனே எந்த அரங்கு என்று சொல்லிவிடலாம். வணிகர்களும் கடைப் பணியாளர்களும் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்றார்கள். ஓர் அரங்கின் பாடகர் எதிர் அரங்கில் போய்ப் பாடுவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

அந்த ஆண்டில் காற்று மேற்குப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. தகெமோதோ அரங்கு 1746இல் ஒரு வெற்றி நாடகத்தைக் கொடுத்தது, 1747இல் இன்னொன்றைக் கொடுத்தது. இரண்டையும் எழுதிய குழுவில் அரங்கின் தலைவர் இரண்டாம் தகேதா இசுமோ, மியோஷி ஷோராகு, நமிகி சென்ரியூ ஆகிய மூவரும் இருந்தார்கள். 1748இல் அந்த மூவரும் கையில் எடுத்தது நாட்டையே உலுக்கிய ஓர் உண்மைச் சம்பவத்தை.

1701இல் எடோ கோட்டைக்குள் ஆசானோ என்ற பிரபு, கிரா என்ற அரண்மனை அதிகாரியைக் குறுவாளால் வெட்டினார். கோட்டைக்குள் வாளை உருவிய குற்றத்துக்காக, அன்றே வயிற்றைக் கிழித்து உயிர்விடும்படி ஆசானோவுக்கு உத்தரவு வந்தது. கிரா பிழைத்துக்கொண்டார். தலைவனை இழந்த சாமுராய்கள் காத்திருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு பனிக்கால இரவில் நாற்பத்தேழு பேர் கிராவின் மாளிகைக்குள் புகுந்து அவருடைய தலையை எடுத்தார்கள்.

நடந்ததை நடந்தபடி மேடையேற்ற அரசு விடாது. அதனால் மூவரும் கதையைப் பதினான்காம் நூற்றாண்டுக்குத் தள்ளினார்கள், பெயர்களை மாற்றினார்கள். பழிவாங்கும் கூட்டத்தின் தலைவனுக்கு ஓபோஷி யுரானொசுகே என்று பெயர் வைத்தார்கள். பதினோரு காட்சிகள். நாடகத்தின் பெயர் ‘கனாதெஹோன் சூஷிங்குரா’. ஜப்பானிய நாட்காட்டிப்படி எட்டாம் மாதம் 14ஆம் தேதி திரை விலகியது. கூட்டம் அலைமோதியது.

வெற்றி உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில்தான் அரங்குக்குள்ளேயே நெருப்புப் பற்றியது. பற்றிய இடம் ஒன்பதாவது காட்சி. பற்றவைத்தது பணமோ பெண்ணோ பதவியோ கிடையாது. ஒரு பாடகர் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்ற கேள்வி.

இதற்குப் போயா ஓர் அரங்கு உடையும்? அது புரிய வேண்டுமானால் பாடகரின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

இரண்டு பேர், ஒரு திண்ணை

பார்வையாளர்களுக்கு வலப்பக்கம், மேடையை ஒட்டி, கூட்டத்தை நோக்கி நீளும் ஒரு தனித் திண்ணை. அதில் இரண்டே பேர். ஒருவர் தாயு. பாடுபவரும் கதை சொல்பவரும் அவர்தான். மற்றவர் ஷாமிசென் வாசிப்பவர்.

தாயுவின் முன்னால் ஒரு சிறு மேசை, அதன்மேல் கையால் எழுதிய பிரதி. காட்சி முழுவதும் அவருக்கு மனப்பாடம்தான். ஆனாலும் தொடங்கும் முன் பிரதியை இரு கைகளாலும் எடுத்து நெற்றிக்கு நேரே உயர்த்தி வணங்குகிறார். அவருடைய வயிற்றைச் சுற்றி ஒரு துணிப் பட்டை இறுக்கிக் கட்டியிருக்கிறது. உடைக்குள்ளே, அடிவயிற்றோடு சேர்த்து, மணல் நிரப்பிய சிறு பை. உட்கார்ந்திருப்பது முழங்காலிட்டு, பின்புறத்தை ஒரு குட்டி முக்காலியில் தாங்கி, கால் விரல்களை மடக்கி ஊன்றிக்கொண்டு. இத்தனையும் மூச்சு தொண்டையில் நிற்காமல் வயிற்றின் அடியாழத்திலிருந்து வர வேண்டும் என்பதற்காக.

ஏனென்றால் மேடையில் யாருக்கும் வாய் கிடையாது. கிழவனின் இருமல், மணப்பெண்ணின் விசும்பல், சாமுராயின் அதட்டல், அவர்கள் நிற்கும் வீட்டின் வருணனை எல்லாம் அந்த ஒரே தொண்டையிலிருந்து வர வேண்டும். சில வரிகள் வெறும் பேச்சு. சில வரிகள் முழுப் பாட்டு. சில வரிகள் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே, எந்த நொடியில் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். பேசிக்கொண்டிருந்த ஒரு தாய், துக்கம் தாங்காத இடத்தில், அதே மூச்சில் பாடத் தொடங்கிவிடுவாள்.

அந்தத் தாவலுக்குத் தரை போட்டுக் கொடுப்பது ஷாமிசென். நோ நாடகத்தின் குழலையும் முழவுகளையும் முன்பு பார்த்தோம். இங்கே அவற்றின் இடத்தை மூன்று தந்திகள் பிடித்துக்கொண்டன. கிதாயு பாணிக்கென்று இருப்பது கழுத்து தடித்த, கனமான ஷாமிசென். விசிறி போல் விரிந்த மீட்டுகோலை இறக்கும்போது அது தந்தியை மட்டும் தொடுவதில்லை. கீழே இழுத்துக் கட்டிய தோலிலும் படுகிறது. அதனால் ஒவ்வொரு சுரமும் ஒரு தட்டோடு சேர்ந்து பிறக்கிறது. ஒரே கருவி, ஒரே அடியில், தந்திவாத்தியமும் தாளவாத்தியமும் ஆகிவிடுகிறது. தடித்த தந்தி அதிரும்போது ஒரு ரீங்காரம் கூடவே வரும். சில இடங்களில் ஒரே ஒரு தட்டுதான், பிறகு நிசப்தம். அந்த ஒரு தட்டிலேயே பொழுது சாய்ந்ததா, சொன்ன செய்தி நெஞ்சில் தைத்ததா என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாயுவும் ஷாமிசென்காரரும் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். பொம்மையின் பக்கம் அவர்கள் திரும்புவதே இல்லை. பொம்மையை இயக்கும் மூவரும்தான் காதைத் திண்ணையில் வைத்து, குரலின் ஏற்ற இறக்கத்தையும் தந்தியின் தட்டையும் பிடித்து, அதற்குத் தக்கபடி பொம்மையை நடக்கவும் அழவும் வைக்கிறார்கள். காலப்பிரமாணம் முழுக்கத் திண்ணையின் கையில். அரங்கில் தாயுவுக்கு இருந்த மதிப்புக்கும் அதுதான் வேர்.

1744இல் தகெமோதோ அரங்கின் மூத்த தாயு ஹரிமா-நோ-ஷோஜோ மறைந்தார். அதற்குப் பின் அங்கே தலையெடுத்த தாயுக்களில் முக்கியமானவர் தகெமோதோ கொனோதாயு. சூஷிங்குராவின் ஒன்பதாவது காட்சி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

‘வேண்டாம்’ யாருக்கு?

பதினோரு காட்சிகளிலும் பாடுவதற்கு மிகக் கடினமானவற்றுள் ஒன்று என்று தாயுக்கள் இன்றும் இந்தக் காட்சியைத்தான் சொல்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். இன்று இருவர் பிரித்துக்கொண்டு பாடுவதும் உண்டு.

யமாஷினா என்ற ஊரில், பனி மூடிய ஒரு வீடு. அங்கேதான் யுரானொசுகே மறைந்து வாழ்கிறான். வாசலில் தோனாசே என்ற பெண், மகள் கொனாமியோடு வந்து நிற்கிறாள். கொனாமி அவளுடைய கணவனின் முதல் மனைவிக்குப் பிறந்தவள். யுரானொசுகேயின் மகன் ரிகியாவுக்கு நிச்சயிக்கப்பட்டவள். வெண்ணிற மணக்கோலத்திலேயே வந்திருக்கிறாள்.

யுரானொசுகேயின் மனைவி ஓயிஷி கதவைத் திறக்கிறாள், சம்பந்தத்தை மறுக்கிறாள். காரணம் இருக்கிறது. தலைவன் பகைவனை வெட்டப் பாய்ந்த அன்று, பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தடுத்தவன் கொனாமியின் தந்தை ஹோன்சோ. அந்தப் பிடியால்தான் பகைவன் பிழைத்தான், தலைவன் வீணாக மாண்டான். அப்படிப்பட்டவனின் மகள் இந்த வீட்டுக்கு மருமகளாவதா?

திரும்பிப் போக முகமில்லை. தோனாசே சாகத் துணிகிறாள். முதலில் என்னைக் கொல்லுங்கள் என்று மகள் கேட்கிறாள். பனிக்கு நடுவே கைகூப்பி உட்கார்ந்துவிட்டாள். தாய் வாளை ஓங்குகிறாள்.

அந்த நொடியில் வாசலுக்கு வெளியே ஒரு மூங்கில் குழலின் ஓசை.

கூடை போன்ற தொப்பியால் முகத்தை முழுதாக மறைத்துக்கொண்டு, ஷாகுஹாச்சி ஊதிப் பிச்சை கேட்கும் துறவி ஒருவர் அங்கே நிற்கிறார். அவர் வாசிப்பது ‘கூட்டில் அடைந்த கொக்குகள்’ என்ற பழைய இசை. தன் குஞ்சுகளின்மேல் கொக்கு வைத்திருக்கும் பாசத்தைச் சொல்வது.

தோனாசேயின் கை தயங்குகிறது. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்: “வேண்டாம்!”

யாருக்கு? வாசலில் நிற்கும் துறவிக்கா? பிச்சை இல்லை, போய்விடும் என்று சொல்வதற்கும் அதே சொல்தான். அல்லது ஓங்கிய வாளுக்கா? தோனாசே குழம்புகிறாள். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி ஓங்குகிறாள். குழல் மறுபடி எழுகிறது. மறுபடி அந்தச் சொல்.

தாயுவின் நிலையை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரே சொல்லை இரண்டு பொருளும் தொங்கும்படி அவர் சொல்ல வேண்டும். கொஞ்சம் இரக்கம் கூடினால் வாளைத் தடுத்ததாக உடனே விளங்கிவிடும். கொஞ்சம் வறண்டால் துறவியை விரட்டியதாக முடிந்துவிடும். குழல் நின்றதற்கும் சொல் பிறந்ததற்கும் நடுவே உள்ள இடம் இம்மி பிசகினாலும் தோனாசேயின் தயக்கத்துக்கு அர்த்தமே இருக்காது. ஓர் உயிர் மிஞ்சுவதும் போவதும் அந்த இடைவெளியின் அளவில் இருக்கிறது.

ஓயிஷி வெளியே வருகிறாள், கையில் ஒரு வெறுந்தட்டு. சம்மதம்தான், ஆனால் சீராக ஹோன்சோவின் தலையை இந்தத் தட்டில் வை என்கிறாள். அப்போது துறவி உள்ளே வந்து தொப்பியைக் கழற்றுகிறார். ஹோன்சோவேதான்! குஞ்சுகளின்மேல் உள்ள பாசத்தை அதுவரை ஊதிக்கொண்டிருந்தவர் அந்தப் பெண்ணின் தந்தை.

அவர் ஓயிஷியை வேண்டுமென்றே இழித்துப் பேசுகிறார், தட்டைக் காலால் மிதிக்கிறார். ரிகியா பாய்ந்து வந்து ஈட்டியால் குத்துகிறான். குத்துப்பட்ட பிறகுதான் மனம் திறக்கிறார். மருமகனின் கையால் சாவதற்கென்றே வந்தவர் அவர். மகளின் வாழ்வுக்குத் தன் தலையை விலையாகக் கொடுத்துவிட்டு, பகைவனின் மாளிகை வரைபடத்தை யுரானொசுகேயிடம் நீட்டுகிறார். யுரானொசுகே அந்தத் துறவிக் கோலத்தைத் தானே அணிந்துகொண்டு பழிவாங்கப் புறப்படுகிறான்.

காட்சியைத் திருப்பிய குழலோசை பின்னணி இசையாக ஒதுங்கி நிற்கவில்லை. கதைக்குள் ஒரு பாத்திரமாகவே வந்துபோகிறது. ஜப்பானிய மேடையில் இசைக்குக் கிடைத்த இடம் அது.

ஆனால் யுரானொசுகே பொம்மையைப் பிடித்திருந்தவருக்கு ஒரு குறை இருந்தது.

முப்பது விரல்களும் ஒரு குரலும்

அவர் பெயர் யோஷிதா புன்சாபுரோ. அந்தக் காலத்தின் தலைசிறந்த பொம்மலாட்டக் கலைஞர். தலையையும் வலக்கையையும் முதன்மைக் கலைஞர் பிடிக்க, இடக்கையை இன்னொருவரும் கால்களை மூன்றாமவரும் இயக்கும் முறை அவர் காலத்தில்தான் வேரூன்றியது. அதற்கு முன் ஒரே ஆளின் கையில் துள்ளித் திரிந்த சிறு பொம்மை இப்போது பெரிதாகிவிட்டது. கண் உருளும், புருவம் உயரும், விரல் மடங்கும். சிந்திப்பதைக்கூட மேடையில் காட்டலாம் என்றாகிவிட்டது.

சிந்திப்பதைக் காட்ட நேரம் வேண்டும். மூன்று உடல்கள் ஒரே மூச்சில் அசைந்து ஒரு பொம்மையைத் திருப்ப வேண்டுமானால், ஒருவரின் கைக்குப் போதுமாக இருந்த இடைவெளி போதாது.

புன்சாபுரோ கேட்டது இதுதான்: ஒன்பதாவது காட்சியில் பொம்மையின் அசைவுக்கு ஏற்றபடி பாட்டை விட்டுப் பிடிக்க வேண்டும். கொனோதாயு மறுத்தார். பொம்மைக்காகப் பாட்டு காத்திருப்பது கிதாயு காலம் முதல் இல்லாத வழக்கம். மூச்சின் அளவு கதையின் உணர்ச்சியிலிருந்து பிறக்க வேண்டும். அதை வெளியிலிருந்து ஒருவர் அளந்து கொடுத்தால் தாயு வெறும் ஓதுபவர் ஆகிவிடுவார்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் சமாதானத்துக்கு வழியில்லாமல் போயிற்று. ஒரு நொடி கூட்டுவதா குறைப்பதா என்பது வெளிப்பேச்சு. மேடையில் காலம் யாருடைய உடைமை என்பதே அடியில் கிடந்த வழக்கு.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் தகேதா இசுமோ. நாடகத்தை எழுதியவர்களில் ஒருவர் என்ற வகையில், தன் சொற்களுக்கு உயிர் கொடுக்கும் தாயு அவருக்கு வேண்டும். அரங்கின் தலைவர் என்ற வகையில், கூட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும் கலைஞரும் வேண்டும். வெளியே சீட்டுக்காக மக்கள் நிற்கிறார்கள். உள்ளே இருவரில் ஒருவர்தான் மிஞ்ச முடியும்.

இசுமோ புன்சாபுரோவின் பக்கம் நின்றார்.

தாண்டக்கூடாத எல்லை

கொனோதாயு வெளியேறினார். தனியாகப் போகவில்லை. அவரோடு வேறு சில தாயுக்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் ஒசாகாவைத் திகைக்க வைத்தது. தொயோதகே அரங்கு! ஐம்பது ஆண்டுகளுக்கு நெருங்கிய பகையின் மறுகரை.

காலியான இடத்தை நிரப்ப இசுமோ என்ன செய்தார்? அதே தொயோதகே அரங்கிலிருந்து தாயுக்களை இழுத்து வந்தார். ஒரே பருவத்தில் கிழக்கின் குரல்கள் மேற்கிலும், மேற்கின் குரல்கள் கிழக்கிலும் ஒலித்தன. இரு அரங்குகளும் பொத்திப் பொத்திக் காத்துவந்த பாட்டு முறைகள் ஒன்றோடொன்று கலந்தன. அழுத்தத்துக்குப் பேர்போன இடத்தில் அலங்காரம் புகுந்தது. இனிமைக்குப் பேர்போன இடத்தில் அழுத்தம் புகுந்தது. கேட்டவுடனே அரங்கைச் சொல்லிவிடும் காலம் முடிந்தது.

இதை ஓர் அழிவு என்று நான் சொல்லமாட்டேன். கலந்த பிறகுதான் இரண்டு பாணிகளுக்கும் தனித்தனிப் பெருமை என்ன என்று தாயுக்களுக்கு விளங்கியது. இன்று பொம்மலாட்டத்துக்குப் புன்ராகு என்று பெயர். 1984இல் திறந்த ஒசாகாவின் தேசிய புன்ராகு அரங்கில் தாயுக்கள் பாடுகிறார்கள். ஒரு பழைய காட்சியைப் பாடம் பண்ணும் தாயு, அது முதலில் மேற்கில் பாடப்பட்டதா, கிழக்கில் பாடப்பட்டதா என்று பார்த்து, அந்தப் பாணியிலேயே கற்றுக்கொள்கிறார். அரங்குகள் போய்விட்டன, அவற்றின் குரல் மட்டும் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. பொம்மலாட்டக்காரர்களும் இன்றுவரை திண்ணையைக் கேட்டுத்தான் பொம்மையை அசைக்கிறார்கள். வழக்கில் தோற்றவர் கொனோதாயு. அவர் எந்த முறைக்காக நின்றாரோ அது தோற்கவில்லை.

ஆனால் இந்தச் சண்டையை இன்னொரு கூட்டம் ஆவலோடு கவனித்துக்கொண்டிருந்தது. கபுகி நடிகர்கள்! அந்த ஆண்டு முடிவதற்குள் ஒசாகாவின் கபுகி மேடை சூஷிங்குராவை எடுத்துக்கொண்டது. 1749இல் எடோ நகரின் மூன்று பெரிய கபுகி அரங்குகளிலும் அதே நாடகம். அங்கே பொம்மைக்குப் பதில் ரத்தமும் சதையுமான நடிகர். வசனத்தை அவரே பேசிவிடுவார். கிதாயு பாணிப் பாடகர் நடிகரின் அசைவைக் கண்ணால் தொடர்ந்து பாட வேண்டும். கொனோதாயு எதற்கு இணங்க மறுத்து வெளியேறினாரோ அதுவே அங்கே நிபந்தனை. மக்கள் அந்தப் பக்கம் சாயத் தொடங்கினார்கள். 1765இல் தொயோதகே அரங்கு மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் தகெமோதோ அரங்கும் அதே வழியில் போனது.

அப்படியானால் கபுகியில் இசை வேலைக்காரியாகிவிட்டதா? அதுவும் இல்லை. எடோ மேடையில் இசைக்கு இருந்த வலிமையைக் கண்டு அரசே அஞ்சியிருக்கிறது. கியோதோவில் பிறந்த பாடகர் ஒருவர் 1734இல் எடோவுக்கு வந்தார். மேடையில் அவர் பாடியது காதலர்களின் சாவை. ஊர் முழுவதும் அந்தப் பாட்டைப் பாடியது. காதலர்கள் சேர்ந்து சாவதற்கு இதுதான் தூண்டுதல் என்று புகார் எழுந்தது. 1739இல் ஷோகுன் அரசு அந்தப் பாட்டு வகையையே தடை செய்தது. அடுத்த ஆண்டு பாடகரும் இறந்துபோனார்.

ஆனால் எட்டே ஆண்டுகளில், 1747இல், அந்தத் தடைசெய்யப்பட்ட இசையின் வாரிசு வேறொரு பெயரோடு எடோவில் தலையெடுத்தது. அதைக் கொண்டுவந்தவர் யார்? அரசு ஏன் அவரை விட்டுவைத்தது?

(அடுத்த வாரம்: தடை தாண்டிய பாட்டு)